பழைய சிறுமகிழுந்தின் தகுதிச் சோதனையும் அதன் நம்பகத்தன்மையும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தாம்பரம் வட்டாரத்தில் கைமாறும் பழைய சிறுமகிழுந்தின் பதிவுச் சான்று புதுப்பிக்கப்பட்டிருப்பின், வாங்குவோர் அதனையே வண்டியின் நலத்திற்கான உறுதிமொழியாகக் கொள்கின்றனர். அச்சான்றுக்கு அடிப்படையான சோதனை எதனை அளக்கிறது, அதன் முடிவை எத்தனை காலம் நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கருவிகளின் துல்லியக் குறைவைக் காட்டிலும், இரு சோதனைகளுக்கு இடைப்பட்ட காலநீட்சியே நம்பகத்தன்மையைப் பெரிதும் குறைக்கிறது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: தகுதிச் சோதனை, பதிவுப் புதுப்பிப்பு, நம்பகத்தன்மை, ஏற்புடைமை, தாம்பரம்

முன்னுரை

1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800, 1998-இல் அறிமுகமாகி இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ ஆகியவை சென்னையின் தென்புறநகரில் இன்றும் ஓடுகின்றன. இருசக்கர வண்டியில் நால்வராகச் செல்லும் குடும்பத்திற்கு எட்டக்கூடிய முதல் மகிழுந்து பெரும்பாலும் இத்தகைய பழைய வண்டியே. அதனை வாங்குகையில் கேட்கப்படும் முதற் கேள்வி, "எஃப்.சி. எதுவரை இருக்கிறது?" என்பது. சொந்தப் பயன்பாட்டு மகிழுந்துக்கு நடப்பது பதிவுச் சான்றுப் புதுப்பிப்பே எனினும், அதற்கான வாகனச் சோதனையையும் மக்கள் எஃப்.சி. என்றே வழங்குகின்றனர். இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை ஒரு நாளைக் குறிக்கிறதேயன்றி வண்டியின் நிலையைக் குறிப்பதில்லை.

சட்டம் வகுத்த இடைவெளி

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டியைக் காட்டிப் புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகள். அதே ஆலையில் அதே நாளில் உருவான மற்றொரு மகிழுந்து மஞ்சள் எண்பலகையுடன் வாடகைக்கு ஓடுமாயின், 8 ஆண்டுவரை ஈராண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் அது தகுதிச் சான்று பெற வேண்டும். வாடகை வண்டி மிகுதியாக ஓடுகிறது என்பது இவ்வேறுபாட்டிற்குரிய நியாயம். ஆனால் துருவும் ரப்பரின் முதுமையும் ஓடிய தொலைவை மட்டுமா பொறுத்தவை? அவை காலத்தையும் ஈரத்தையும் பொறுத்தவை. வெயிலிலும் மழையிலும் தெருவோரம் நிற்கும் வெள்ளைப் பலகை வண்டிக்கும் அவை பொதுவானவை.

உரிமை மாற்றத்தை நெறிப்படுத்தும் 50-ஆம் பிரிவும் இவ்விடைவெளியை நிரப்புவதில்லை. விற்பவர் குறித்த நாளுக்குள் அறிவிக்க வேண்டும்; வாங்குபவர் விண்ணப்பிக்க வேண்டும். சொந்த மகிழுந்து கைமாறுவதற்குப் புதிய தகுதிச் சோதனை நிபந்தனையன்று.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக் காணலாம். 2008 நவம்பரில் பதிவான ஒரு சான்ட்ரோ, 2023 நவம்பரில் சோதிக்கப்பட்டு 2028 வரை புதுப்பிக்கப்படுகிறது எனக் கொள்வோம். அடுத்த மாதமே மிக்ஜாம் புயல். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தேங்கிய வெள்ளத்தில் அவ்வண்டி இருக்கை மட்டம்வரை நிற்கிறது. நீர் வடிந்தபின் உட்புறம் கழுவி உலர்த்தப்பட்டு, விரிப்புகள் மாற்றப்பட்டு, மறு ஆண்டு விற்பனைக்கு வருகிறது. சான்று இன்னும் 2028 வரை செல்லும். அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் மின்னிணைப்பு முனைகளில் பச்சை பூக்கும் அரிப்பும், கதவடிக் கட்டையின் உட்கூட்டில் தொடங்கிய துருவும் சோதனை நாளில் இல்லாதவை. பொதுமக்களுக்கு ஆபத்தான நிலையிலுள்ள வாகனத்தின் பதிவை நிறுத்திவைக்க 53-ஆம் பிரிவு பதிவு அலுவலருக்கு அதிகாரம் தருகிறது என்பது உண்மையே. அந்நிலையை அவர் எவ்வாறு அறிவார் என்பதே சிக்கல். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட இவ்வட்டாரத்திற்கு இது கற்பனைச் சிக்கலன்று.

அளவையின் எல்லை

கல்வியியல் ஆய்வில் நம்பகத்தன்மை, ஏற்புடைமை என இரண்டைப் பிரித்துப் பேசுவது வழக்கம். மீண்டும் அளந்தால் அதே விடை வருகிறதா என்பது முன்னது. அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறோமா என்பது பின்னது. புகைச் சோதனை இரண்டிற்கும் நல்ல சான்று. பாரத் நிலை 3-க்குரிய பெட்ரோல் மகிழுந்து, எந்திரம் வெற்றோட்டத்தில் இருக்கையில் கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காட்டிற்கும் ஹைட்ரோகார்பன் பத்து இலட்சத்தில் 750 பங்கிற்கும் மிகாதிருக்க வேண்டும். புகைபோக்கி வழியிலுள்ள வினையூக்கி மாற்றி நன்கு சூடேறிய பின்னரே முழுமையாகச் செயற்படும். எனவே ஜி.எஸ்.டி. சாலையில் அரைமணி நேரம் ஓடிவந்த வண்டியும், நிழலில் நின்று அப்போதே முடுக்கப்பட்ட அதே வண்டியும் வெவ்வேறு அளவுகளைக் காட்டக்கூடும். இது நம்பகத்தன்மைக் குறை. பளு ஏறுகையில் மிகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இச்சோதனையில் அளக்கப்படுவதே இல்லை. இது ஏற்புடைமைக் குறை.

பிரேக்கும் அவ்வாறே. குளிர்ந்த நிலையில் ஓரிருமுறை அழுத்திப் பார்க்கும் சோதனையில், ஈரம் உறிஞ்சிய பிரேக் எண்ணெய் தேறிவிடும். தொடர்ந்து அழுத்திச் சூடேறும்போதுதான் அது கொதித்து மிதி உள்வாங்கும். அடித்தளத்தை நோக்கினாலும், ஆய்வாளர் எதனையும் கழற்றிப் பார்ப்பதில்லை. டிங்கரிங் செய்து பட்டி பூசி, மேலே கருமையான அடிப்பூச்சும் அடித்த தகட்டின் உள்ளே என்ன எஞ்சியிருக்கிறது என்பது கண்ணுக்குப் புலப்படாது.

தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டன. உருளைகள் மீது சக்கரத்தைச் சுழற்றிப் பிரேக் விசையை எண்ணாகப் பதிவது, ஆய்வாளருக்கு ஆய்வாளர் வேறுபடும் மதிப்பீட்டைக் குறைக்கும். இது வரவேற்கத்தக்கதே. எனினும் உருளையும் அந்த ஒரு நாளையே அளக்கிறது. 15 ஆண்டு கடந்த மகிழுந்தின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. சோதனைகளுக்கு இடைப்பட்ட காலமோ குறையவில்லை.

பிரித்தானிய ஒப்பீடு

பிரித்தானியாவில் 1960-இல் தொடங்கிய எம்.ஓ.டி. சோதனை, இப்போது பொதுவாக மூன்றாண்டு நிறைந்த மகிழுந்துக்கு ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அங்கும் எந்திரம், கிளட்ச், கியர்பெட்டி ஆகியவற்றின் நிலை சோதிக்கப்படுவதில்லை. அங்கும் எதனையும் கழற்றுவதில்லை. ஆகவே ஒற்றைச் சோதனையின் ஆழத்தில் பெரிய வேறுபாடு காட்ட இயலாது. வேறுபாடு பதிவேட்டில் உள்ளது. தோல்விக்கான காரணங்கள், தேறிய வண்டியிலும் கவனிக்கவேண்டிய தேய்மானங்கள், சோதனை நாளில் ஓடியிருந்த தொலைவு ஆகியவற்றை வண்டியின் எண்ணைக் கொண்டே எவரும் இணையத்தில் காணலாம். மூன்றாண்டுகளாகத் தொடர்ந்து குறிக்கப்படும் துரு, ஒருநாள் சோதனை சொல்லாததைச் சொல்லிவிடுகிறது. தாம்பரத்தில் வாங்குபவர் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் பதிந்தால், பதிவும் காப்பீடும் செல்லுபடியாகும் நாள்களைக் காண்கிறார். ஆய்வாளர் கண்ட தேய்மானங்களைக் காண்பதில்லை.

குறையுள்ள வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டுவதைத் தண்டிக்கும் 190-ஆம் பிரிவு, ஓட்டுபவர் அறிந்த குறையை மட்டுமன்றி, இயல்பான கவனத்தால் அவர் அறிந்திருக்கக்கூடிய குறையையும் உள்ளடக்குகிறது. 2028 வரை செல்லும் சான்றைக் கையில் வைத்திருப்பதால் மட்டும் அக்கவனத்திலிருந்து புதிய உரிமையாளருக்கு விலக்குக் கிடைப்பதில்லை. முன்தொகை கொடுக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, விரிப்பைத் தூக்கி, மெக்கானிக் ஒருவரைக் கொண்டு அடித்தளத்தைத் தட்டிப் பார்க்கும் சோதனை எச்சட்டத்திலும் இல்லை. விற்பவர் அதற்கு இசையாவிடின், அவ்விசையாமையும் வண்டியைப் பற்றிய ஒரு தரவே.