ஐந்து பேர் கிடைப்பார்கள், உயரம்?

1985-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் தொடங்கிய ‘தீவு விளையாட்டுப் போட்டி’ இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பது. மோதும் அணிகள் பெரும்பாலும் தனி நாடுகள் அல்ல. ஸ்பெயினின் மெனோர்கா, எஸ்தோனியாவின் சாரெமா, பிரிட்டிஷ் முடியாட்சியைச் சார்ந்த ஜெர்சி, கெர்ன்சி, அட்லாண்டிக்கின் பெர்முடா என்று கலவையான கூட்டம். தீவே அல்லாத ஜிப்ரால்டரும் உண்டு. யாரும் ஆட்சேபிப்பதாகத் தெரியவில்லை.

கூடைப்பந்துக்குக் களத்தில் ஐவர், மாற்று ஆட்களோடு பன்னிருவர் போதும். கால்பந்தோடு ஒப்பிட்டால் சின்னத் தீவுக்கென்றே செய்த ஆட்டம் என்று தோன்றும். ஆனால் வளையம் இருப்பது 3.05 மீட்டர் உயரத்தில். சில பத்தாயிரம் பேரில் ஆறரை அடி ஆட்கள் எத்தனை பேர் தேறுவார்கள்? அவர்களில் எத்தனை பேருக்குப் பந்தாடத் தெரியும்? ஒருவர் அகப்பட்டாலும், ஐந்தாவது ஃபவுலோடு அவர் வெளியேறிவிட்டால் வளையத்தடியில் காவலே இல்லை. அப்போது ஓட்டத்தையும், 6.75 மீட்டருக்கு அப்பாலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டையும் நம்பித்தான் ஆட வேண்டும்.

தலை எண்ணிக்கையே எல்லாம் என்றால் மெனோர்கா இடிக்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் அந்தத் தீவின் கிளப், 2005-ல் ஸ்பெயினின் முதல்நிலை லீகான ஏசிபிக்கு ஏறியது. 2019-ல் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் அணியின் செர்ஹியோ யூல் பிறந்தது அங்குள்ள மாவோனில். என்னைக் கேட்டால், தீவின் பரப்பைவிட அது எந்தக் கரையைப் பார்த்து வளர்கிறது என்பதே பெரிது. ஸ்பெயினிலும் எஸ்தோனியாவிலும் கூடைப்பந்து வேரூன்றிய ஆட்டம். மெனோர்காவும் சாரெமாவும் அதைப் பார்த்தே வளர்கின்றன. ஜெர்சியும் கெர்ன்சியும் பார்ப்பது கால்பந்துப் பித்துப்பிடித்த பிரிட்டனை.

ஆனாலும் இந்தப் போட்டி அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. ஜெர்சிக்கும் கெர்ன்சிக்கும் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவில் தனி அணி கிடையாது. சொந்தத் தீவின் சட்டையோடு களமிறங்க இதுபோன்ற இடங்களே கதி. அதுவும் நிச்சயமில்லை. பட்டியலிலிருந்து ஆட்டங்களைத் தேர்வது, நடத்தும் தீவு. 2023-ல் கெர்ன்சி கூடைப்பந்தைச் சேர்த்தது. 2025-ல் சுமார் 22,000 பேர் வாழும் ஓர்க்னி தேர்ந்த 12 ஆட்டங்களில் அது இல்லை. கெர்ன்சியில் முப்பது வயதில் ஆடியவர் மறுபடி இந்தப் போட்டியில் ஆடும்போது அவருக்குக் குறைந்தது 34 ஆகியிருக்கும்.