எட்டு சிலிண்டர் மஸ்டாங்: வாங்குவதும் வைத்திருப்பதும்

ஊரும் ஊர்தியும் – 11

ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. 2016 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளாட் ராக் ஆலையில் முழுமையாகக் கட்டி முடித்து, கப்பலில் இறக்கிய வண்டி அது. 4,951 சி.சி. கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின், 395 குதிரைத்திறன், 515 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை, ஆறு வேக ஆட்டோமேட்டிக் கியர், பின்சக்கர இயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி கட்டாயமானபோது, பி.எஸ்.4 தரத்தில் வந்த அந்த மஸ்டாங்கின் விற்பனையும் முடிந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியையே நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் 2022-இல் வேலை நின்றது. ஆகவே தமிழ்நாட்டில் இந்த மஸ்டாங்கைத் தேடுபவர் வாங்கக்கூடியது பயன்படுத்திய வண்டி ஒன்றைத்தான். கைமாறும்போது சொல்லப்படும் விலை அதன் செலவில் ஒரு பகுதி மட்டுமே. காகிதம், உதிரிபாகம், பராமரிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகுதான் உண்மையான விலை தெரியும்.

அமெரிக்க வண்டிகள் வந்த வழியும் நின்ற காலமும்

சக்திமிக்க அமெரிக்கக் கார் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கனடா ஃபோர்டின் துணை நிறுவனமாக 1926-இல் தொடங்கிய ஃபோர்டு இந்தியா, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுக நகரங்களில் இயங்கியது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளுக்கான வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளைக் கனடா ஆலை செய்து அனுப்பியதால், அவை இங்குள்ள சாலைகளுக்குப் பொருந்தின. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் பாகங்களைப் பூட்டிக் கார்களை உருவாக்கத் தொடங்கியது. 1932-இல் ஃபோர்டு கொண்டுவந்த 65 குதிரைத்திறன் வி8, எட்டு சிலிண்டர் இன்ஜினை நடுத்தர விலைக்கு இறக்கியது. ஜமீன் வீடுகளிலும் செட்டிநாட்டு மாளிகைகளிலும் அமெரிக்கக் கார்கள் நின்ற காலம் அது.

இந்தியாவிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டமில்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று 1953-இல் அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பாகங்களைப் பூட்டும் பணியை நிறுத்தின. அதே 1953-இல்தான் அமெரிக்காவில் செவ்ரொலே கார்வெட் பிறந்தது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் தொடக்க விலையில் மஸ்டாங் அறிமுகமாகி, 1966 மார்ச்சுக்குள் பத்து லட்சத்தைத் தொட்டது. பான்டியாக் ஜி.டி.ஓ., செவ்ரொலே கமேரோ, டாட்ஜ் சேலஞ்சர் என்று அதிசக்தி வண்டிகள் அடுத்தடுத்து வந்த அந்தப் பத்தாண்டில் இந்தியாவின் இறக்குமதிக் கதவு ஏறக்குறைய மூடியிருந்தது. தூதரகத்தார் விட்டுச் சென்றவை, வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் கொண்டுவந்தவை என்று சிற்சில வண்டிகளே உள்ளே வந்தன. அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்ட அவை இடப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை.

இன்று அமெரிக்காவில் 50 ஆண்டு நிறையாத ஒரு பழைய மஸ்டாங்கை வாங்கிக் கப்பலேற்றலாம் என்று எண்ணுபவரை இறக்குமதி விதிகள் தடுக்கின்றன. பயன்படுத்திய கார் பொது வழியில் இந்தியாவுக்குள் வர வேண்டுமானால் அது செய்யப்பட்டு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வேகமானி கிலோமீட்டரில் இருக்க வேண்டும். ஆலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்குடன் மஸ்டாங் செய்யப்பட்டது 2015-இல் ஆறாம் தலைமுறையில்தான். ஆகவே 2016 முதல் 2020 வரை முறைப்படி விற்கப்பட்ட வண்டியே சிக்கல் குறைந்த தேர்வு.

காகிதம் முதலில், இன்ஜின் பிறகு

இறக்குமதி வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது சேசிஸ் எண். அது 17 இடம் கொண்டது. 1 என்ற முதல் இலக்கம் அமெரிக்கத் தயாரிப்பைக் குறிக்கும். எட்டாவது இடத்து ‘எஃப்’ 5 லிட்டர் வி8 இன்ஜினையும், பதினொன்றாவது இடத்து 5 ஃப்ளாட் ராக் ஆலையையும் காட்டும். பத்தாவது இடம் மாடல் ஆண்டு: ‘ஜி’ என்றால் 2016, ‘எச்’ என்றால் 2017, ‘ஜே’ என்றால் 2018. கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் இருக்கும் எண்ணும், கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள எண்ணும், ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும். ஆர்.சி.யில் உள்ள ஆண்டுக்கும் பத்தாவது எழுத்துக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அதற்கான விளக்கத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஷோரூம் வழியாக வராத வண்டி என்றால் சுங்கத் தீர்வை கட்டிய ஆவணத்தையும் பார்த்தாக வேண்டும். சுற்றுலாவுக்கான கார்னே அனுமதியில் வந்த வண்டியைத் திரும்ப ஏற்றுமதி செய்ய வேண்டும், இங்கே விற்க முடியாது. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட உயர்விலை வண்டிகளைத் தேடிக் கேரளத்தில் சுங்கத் துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தியது. அத்தகைய வண்டியைத் தெரியாமல் வாங்கியவரும் அதை இழக்க நேரிடும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் தேவை. வங்கிக் கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் நீக்கத்துக்குப் படிவம் 35-ம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். பெங்களூரு, ஹைதராபாத், மும்பை வண்டிகள் விலை குறைவாகத் தோன்றலாம். அவற்றுக்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி. பெற்று, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுட்கால வரியைக் கட்ட வேண்டும். 2023 நவம்பர் திருத்தத்தின்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீத வரி. பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் தொகை லட்சங்களில் வரும். ஆகவே வெளிமாநில வண்டியின் விலையோடு இந்த வரியையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

சைலன்சரை மாற்றி ஓசை கூட்டிய வண்டிகள் சந்தையில் நிறைய வருகின்றன. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. மூலப் பாகங்கள் கையில் இல்லாத வண்டிக்கு அவற்றைத் தேடும் செலவையும் விலையில் கழிக்க வேண்டும்.

வண்டியைப் பரிசோதிக்கும் முறை

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது வரும் புகையும் தட்டும் ஓசையும் மறைந்துவிடும். இந்த வி8-க்கு ஒருமுறை மாற்ற ஏறத்தாழ ஏழரை லிட்டர் இன்ஜின் ஆயில் வேண்டும். சிறிய காருக்குத் தேவைப்படுவதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இது. ஆயில் மாற்றிய தேதிகளும் கிலோமீட்டரும் பில்களோடு இருக்கும் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

அடுத்தது கூலன்ட். நிறம் மங்கியோ துரு கலந்தோ இருந்தால் குளிர்விப்பு அமைப்பைத் தனியே சோதிக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. இணைப்பில் ஸ்கேனரைப் பொருத்தினால் பதிவான பழுதுக் குறியீடுகள் தெரியும். விற்பதற்குச் சற்று முன் அவை அழிக்கப்பட்டிருந்தால், சுயசோதனைகள் முடியவில்லை என்ற குறிப்பே அதைக் காட்டிக்கொடுக்கும். கியர் மாறும்போது இடி இருக்கிறதா, நின்ற நிலையிலிருந்து நகரும்போது தயங்குகிறதா என்று சூடான பிறகும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. குறைவாக ஓடிய வண்டியில் டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருக்கும், ஆனால் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். 395 குதிரைத்திறனைப் பின்சக்கரங்கள் இரண்டே தரைக்கு இறக்குவதால், கெட்டிப்பட்ட டயருடன் மழையில் ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. கடைசியாக வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். வேகத்தடையில் உரசிய தழும்பு, நசுங்கிய குழாய், வெள்ளத்தில் நின்றதன் சேற்றுப்படிவு ஆகியவை அங்கேதான் தெரியும்.

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு மஸ்டாங்

ஊர்ப்புறத்தில் இந்த வண்டியை வைத்திருப்பது எப்படி என்று பார்க்க ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி வெள்ளாற்றுப் பகுதியைச் சேர்ந்த ஊர். நெல்லும் கரும்பும் விளையும் வட்டாரம் என்பதால் கரும்பு ஏற்றிய டிராக்டரும் நெல் அறுவடை இயந்திரமும் சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையிலேயே நெல் காயும். இந்த மஸ்டாங்கின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 137 மில்லிமீட்டர்தான். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவில் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்ல ஏறி இறங்க வேண்டும். அந்த அளவுக்குக் கட்டியவற்றை மெதுவாகக் கடந்துவிடலாம். அகலம் குறைந்து செங்குத்தாக எழும் மேடுகளைச் சாய்கோணத்தில், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். வாங்கும் முன் வீட்டிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை நான்கு வழிச் சாலை வரை உள்ள ஒவ்வொரு மேட்டையும் பார்த்து வைப்பது அவசியமான வேலை.

வேகத்தடையில் அடிபடுவதால் கெடும் பாகங்களில் விலை மிகுந்த ஒன்று, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். விருத்தாசலம் பீங்கான் தொழில் தெரிந்தவர்களுக்கு அதன் உள்ளமைப்பு எளிதில் விளங்கும். கார்டியரைட் என்ற மெக்னீசியம் அலுமினியம் சிலிகேட் பீங்கானைத் தேனடைபோல் நுண்துளைகளோடு சுட்டு, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசுகிறார்கள். கார்டியரைட் வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும். அதனால்தான் குளிர்ந்த நிலையிலிருந்து சில நிமிடங்களில் பல நூறு டிகிரிக்கு ஏறினாலும் வெடிப்பதில்லை. ஆனால் எல்லாப் பீங்கானையும்போல அடி தாங்காது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதியும் அலுமினா பீங்கான்தான். பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை வெளியே கசியவிடாமல் தடுப்பது அதன் வேலை. நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண்ணைக் கொண்டு மின்காப்புப் பொருள்கள் சுடும் விருத்தாசலத்தின் கைத்திறனும் இந்தப் பாகங்களின் தொழில்நுட்பமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய வண்டியின் இன்ஜினை முடுக்கும்போது அடியில் கலகலவென்று ஓசை வந்தால் உள்ளே பீங்கான் அடை உடைந்திருக்கக்கூடும்.

ஊர்ப்புறத்தில் வண்டி ஓடுவதைவிட நிற்பதே அதிகம், அதுவும் ஒரு சிக்கல். இன்று நாடெங்கும் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் நிற்கும் டேங்க்கில் நீர் பிரிந்து அடியில் தங்கலாம். இந்த மஸ்டாங் அந்த அளவு எத்தனாலுக்கென்று வடிவமைக்கப்பட்டதல்ல என்பதால் எரிபொருள் குழாய்களையும் ரப்பர் சீல்களையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இன்ஜின் முழுச் சூடு ஏறும்வரை ஓட்டுவதும், பேட்டரிக்கு மெதுவாக மின்னேற்றும் சார்ஜரை இணைத்து வைப்பதும் நல்லது. ஷெட்டில் எலி புகாமல் அடைப்பது இன்னும் முக்கியம். கடித்த வயரிங்கைச் சரிசெய்வது இத்தகைய வண்டியில் மிகுந்த நேரம் பிடிக்கும் வேலை.

உதிரிபாகமும் ஆண்டுச் செலவும்

மஸ்டாங்குக்கு அமெரிக்காவில் உதிரிபாகம் ஏராளம். ஃபில்டர், பிரேக் பேடு, ஸ்பார்க் பிளக், சென்சார் போன்றவற்றை அங்கிருந்தே தருவித்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங் அமைப்பு, டேஷ்போர்டு, வைப்பர் இணைப்பு, முகப்பு விளக்கு ஆகியவை வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கென்று தனியாகச் செய்யப்பட்டவை. அவற்றை 2015 முதல் வலப்பக்க மஸ்டாங் விற்ற பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தேட வேண்டும். அமெரிக்க ஹெட்லைட்டை இங்கே பொருத்தினால் அதன் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழும். உற்பத்தியை நிறுத்திய பின்னும் சர்வீஸ் தொடரும் என்று ஃபோர்டு அறிவித்திருந்தாலும், வி8-இல் பழகிய மெக்கானிக்கைச் சென்னை போன்ற பெருநகரத்தில் முன்கூட்டியே தேடி வைப்பது நல்லது. பழுதானால் சாதாரணக் கயிற்றில் கட்டி இழுக்கக் கூடாது. தட்டையான மேடையுள்ள ரெக்கவரி வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

பெட்ரோல் செலவு நகரத்தில் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் என்று கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பானது. ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையும், விபத்தில் இழப்பு பெருகும். பதிவு 15 ஆண்டு செல்லும். 2016-இல் பதிவான வண்டிக்கு 2031-இல் எஃப்.சி. பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த கட்டண விதியில், இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 40,000 ரூபாய். 50 ஆண்டு கடந்து மூல வடிவில் பேணப்பட்ட வண்டிக்கு 2021 விதிகள் ‘வி.ஏ.’ வரிசையில் தனிப் பதிவு தருகின்றன. அதற்குப் புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், அன்றாடப் பயணத்துக்கு அனுமதி கிடையாது. அமெரிக்க வண்டிகளை ஓட்டாமல் கண்டு மகிழ விரும்புவோருக்குக் கோவை அவினாசி சாலையில் ஜிடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது.

யார் வாங்கலாம்

இரண்டாம் கார் ஒன்று அன்றாடத் தேவைக்கு வீட்டில் இருக்க வேண்டும். மூடிய ஷெட் வேண்டும். வாங்கிய விலையில் ஒரு பகுதியை முதல் இரண்டு ஆண்டின் டயர், பிரேக், ஆயில், சீல் வேலைகளுக்கென்று தொடாமல் எடுத்துவைக்க வேண்டும். நான்கு வழிச் சாலையிலும் உச்ச வேகத்துக்கு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் இந்த இன்ஜினின் இழுவையையும் ஓசையையும் அனுபவித்து நிறைவடையும் மனமும் வேண்டும். அதற்கு மேல் ஓட்டிப் பார்க்க விரும்புபவர் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் நேரம் பெற்றுக்கொள்வதே சரி. இவ்வளவும் அமைந்தவர், காகிதம் சுத்தமான, மாற்றம் செய்யப்படாத, பில்களோடு கூடிய 2016–2020 மஸ்டாங்கை நம்பி வாங்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும், அது நிறைவேறும்வரை காத்திருப்பதே வண்டிக்கும் வாங்குபவருக்கும் நல்லது.

(தொடரும்)