பழைய கடிகாரமும் புதிய முகப்பும்

தஞ்சைத் தரணியில் நம் தந்தையர் தொழுகை நேரம் பார்த்த எச்.எம்.டி. 'ஜனதா', 'பைலட்' கைக்கடிகாரங்களை நாம் மறந்திருக்க மாட்டோம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனக் கூட்டுறவுடன் பெங்களூரில் தொடங்கிய அத்தொழிலை மூடிவிட 2016-இல் நடுவண் அரசு முடிவெடுத்தது. அதன்பின் அவற்றுக்கு மதிப்புக் கூடிற்று.

நின்றுபோன இரண்டு மூன்று கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றை உருவாக்குவது இன்று ஒரு பொழுதுபோக்கு. சாவி கொடுக்கையில் இறுகும் வில்சுருளின் விசை, பற்சக்கரங்களின் வழியே சமன்சக்கரத்தை அடைந்து நொடிக்கு ஐந்து துடிப்பாகிறது. அச்சுமுனைகளின் தேய்மானத்தைக் குறைப்பவை 17 செயற்கை மாணிக்கக் கற்கள். காய்ந்த எண்ணெயைக் கழுவிப் புதிதாக இட்டாலே பல கடிகாரங்கள் உயிர்பெறும்.

மங்கிய முகப்புக்கு விரும்பிய வண்ணம் தீட்டி அணிவதில் குற்றமில்லை. அதையே 'அசல்' என்று விற்பதுதான் மோசடி. தானியக் குவியலின் அடியில் ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரைக் கண்டித்தார்கள். ஈரப்பதம் பார்த்தே நெல் கொள்முதலாகும் காவிரிப் படுகையினருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மாற்றிய உறுப்பு எதுவெனச் சொல்லியே கொடுப்போமாக.