வேரோடு விழுந்த பல்லின் வேரைச் சுரண்டாதீர்கள்

உங்கள் பிள்ளையின் நிரந்தரப் பல் அடிபட்டு வேரோடு விழுந்துவிட்டால், அந்த வேரைத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. வேரின்மேல் ஒட்டியுள்ள மெல்லிய சவ்வின் உயிரணுக்களால்தான் பல் மீண்டும் எலும்பைப் பற்றிக்கொள்ளும். வெண்மையான மேற்பகுதியைப் பிடித்து, மண் இருந்தால் பாலில் லேசாக அலசி, உடனே குழியில் பொருத்துங்கள். துணியைக் கடிக்கச் செய்யுங்கள். இயலாவிடில் பல்லைப் பாலில் இட்டு, சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். (பால்பல்லைத் திரும்பப் பொருத்துவதில்லை; அதைக் கூரைமேல் எறியலாம்.)

60 நிமிடங்களுக்கு மேல் உலர்ந்திருந்தால் சவ்வு பெரும்பாலும் இறந்திருக்கும். இறந்த திசுவை அகற்றுவதா, புளோரைடு கரைசலில் ஊறவைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். புளோரைடு வேர் கரைவதைத் தாமதப்படுத்தலாம், முற்றிலும் தடுக்காது. ஆயினும், நேரம் கடந்ததென்று பல்லை எறிந்துவிடாதீர்கள். சில ஆண்டுகள் நிலைத்தாலும் தாடை எலும்பு குறையாமல் காக்க அது உதவும்.