கணக்கிலிருந்து பணம் களவு போனால்: உங்கள் உரிமையும் முதல் 3 நாள்களும்

உங்களுக்குத் தெரியாமல் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது. பதறியடித்துக்கொண்டு வங்கிக்கு ஓடுகிறீர்கள். “ஓடிபி போட்டுத்தான் பணம் போயிருக்கு. நீங்கதான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க. போலீஸ்ல கம்ப்ளைண்ட் கொடுங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். வீடு திரும்பினால், “இவ்வளவு படிச்சும் இதுகூடத் தெரியலையா?” என்ற பேச்சு. இந்த இரண்டு சொல்லுக்கும் பயந்து, போன பணத்தைக் கேட்காமலே விட்டுவிட்டவர்கள் நம்மிடையே ஏராளம்.

அவர்களிடம் யாரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் எவ்வளவு நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்று 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் கடமை என்று அது தெளிவாகச் சொல்கிறது. குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் இல்லை. ஆனால் இந்த உரிமைக்குக் காலக்கெடு உண்டு. எவ்வளவு சீக்கிரம் புகார் கொடுக்கிறீர்களோ, அவ்வளவு வலுவாக அது உங்கள் பக்கம் நிற்கும்.

பணம் எப்படிப் போகிறது?

ஓடிபியைக் கேட்டு வாங்கி ஏமாற்றும் தந்திரம் பழையது. இப்போது அதைக் கேட்கவே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. “திருமண அழைப்பிதழ்”, “உங்கள் வண்டிக்குப் போக்குவரத்து அபராதம்”, “வங்கி வெகுமதிப் புள்ளிகள் இன்றோடு முடிகின்றன”, “கேஒய்சி புதுப்பிக்கவும்” என்று அதற்குப் பெயர் இருக்கும். பெயரின் கடைசியில் ‘ஏபிகே’ என்ற மூன்று எழுத்து இருந்தால் அது படமும் அல்ல, கடிதமும் அல்ல. ஆண்ட்ராய்டு கைபேசியில் குடியேறும் செயலி. பெரும்பாலும் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும். அவருடைய கைபேசி ஏற்கெனவே திருடர்கள் பிடியில் இருப்பதுதான் காரணம்.

அதை நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அவசரத்தில் ‘சரி’ என்று தொட்டுவிட்டால், அதன்பின் வங்கி அனுப்பும் ஒவ்வொரு ஓடிபியும் எங்கோ இருக்கும் திருடனுக்கும் போய்ச்சேரும். சில செயலிகள் அணுகல்தன்மை அனுமதியையும் பெற்று, திரையில் நீங்கள் தட்டுவதைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்கும். வேறு சிலர் வாடிக்கையாளர் சேவை என்று சொல்லித் தொலைபேசியில் பேசி, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வார்கள். எப்படி நடந்தாலும் வங்கியின் பதிவேட்டில் “சரியான ஓடிபி உள்ளிடப்பட்டது” என்றுதான் இருக்கும். கணக்குக்காரர் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது. ஓடிபி பயன்பட்டது என்பதை மட்டும் வைத்து “நீங்கள்தான் சொல்லியிருப்பீர்கள்” என்று முடிவுகட்டுவது ஏன் நியாயமில்லை என்பது இங்கே புரியும்.

விதி என்ன சொல்கிறது?

ரிசர்வ் வங்கியின் விதியில் நான்கு நிலைகள் உண்டு.

முதல் நிலை: வங்கியின் கவனக்குறைவாலோ குறைபாட்டாலோ வங்கியைச் சேர்ந்தவர்களின் மோசடியாலோ பணம் போயிருந்தால், வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை. அவர் புகார் கொடுத்தாரா இல்லையா என்பதுகூட இங்கே பொருட்டில்லை.

இரண்டாம் நிலை: தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை. பணம் போனதாக வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாள்களுக்குள் சொல்லிவிட்டால் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். தகவல் வந்த நாள் இந்தக் கணக்கில் சேராது.

மூன்றாம் நிலை: அதே சூழலில் 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் சொன்னால், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய நஷ்டத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய். மற்றச் சேமிப்புக் கணக்குகளுக்கும் 5 லட்சம் வரை வரம்புள்ள கடன் அட்டைகளுக்கும் 10,000 ரூபாய். அதற்கு மேற்பட்ட கடன் அட்டைகளுக்கும் பெரிய நடப்புக் கணக்குகளுக்கும் 25,000 ரூபாய். போன தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகை மட்டும். 7 வேலை நாள்கள் கடந்துவிட்டால், வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படிதான் முடிவாகும்.

நான்காம் நிலை: ஓடிபியையோ பின் எண்ணையோ நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்போது புகார் கொடுக்கும் நிமிடம் வரைதான் நஷ்டம் உங்களுடையது. புகாருக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஆகவே தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்தவர்தான் எல்லாரையும்விட வேகமாகப் புகார் கொடுக்க வேண்டும்.

புகார் கொடுத்த 10 வேலை நாள்களுக்குள் சர்ச்சைக்குரிய தொகையை வங்கி கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாள்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பதும் இதே விதிதான். கூட்டுறவு வங்கிகளுக்கு 2017 டிசம்பரிலும், மின்பணப் பைகளை நடத்தும் நிறுவனங்களுக்கு 2019 ஜனவரியிலும் இதேபோன்ற விதிகள் வந்தன.

நீதிமன்றம் சொன்னது

இது காகிதத்தோடு நின்றுபோன விதி அல்ல. அசாமைச் சேர்ந்த ஒருவர் இணையத்தில் வாங்கிய துணியைத் திருப்பி அனுப்ப முயன்றார். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பேசினான். அவன் பேச்சைக் கேட்டு ஒரு செயலியை நிறுவியதும், பாரத ஸ்டேட் வங்கியில் அவர் வைத்திருந்த கணக்கிலிருந்து 94,204 ரூபாய் பறிபோனது. 24 மணி நேரத்துக்குள் அவர் வங்கிக்குத் தகவல் சொல்லிவிட்டார். ஓடிபி பகிரப்பட்டது என்று வங்கி வாதிட்டது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், ரிசர்வ் வங்கியின் விதியைச் சுட்டிக்காட்டி, பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அந்த உத்தரவில் தலையிட மறுத்தது. நவீனத் தொழில்நுட்பம் கையில் இருக்கும் வங்கி இத்தகைய பரிவர்த்தனைகளைக் கண்டறிந்து தடுக்கும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது. வாடிக்கையாளர்களும் ஓடிபியை எவரோடும் பகிராமல் விழிப்பாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது.

அவரைக் காப்பாற்றியது அந்த 24 மணி நேரம்.

முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

1. கைபேசியை உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். திருடனுக்குப் போகும் தகவல் நிற்கும். இனி பேசுவதெல்லாம் வீட்டில் உள்ள இன்னொரு கைபேசியிலிருந்து இருக்கட்டும்.

2. 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நாடு முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ, அங்கிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்குச் சிதறி ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் அதை நிறுத்திவைக்க முயல்வார்கள். கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனைக் குறிப்பு எண் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்து அட்டை, இணைய வங்கி, யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். அங்கே போலி எண்களும் கலந்திருக்கும். அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ இருக்கும் எண்ணே நம்பகமானது. புகார் எண்ணும் நேரமும் எழுத்தில் கிடைக்க வேண்டும்.

4. ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ என்ற அரசுத் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். பிறகு உங்கள் மாவட்டச் சைபர் குற்றக் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீது மட்டும் போதாது. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும்.

5. குறுஞ்செய்திகள், வாட்ஸ்அப் உரையாடல், அழைப்பு வந்த எண் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். ஆதாரத்தைச் சேமித்த பிறகே அந்தச் செயலியை நீக்கி, கைபேசியை முழுவதுமாக அழித்துப் புதிதாக அமையுங்கள். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று *#21# அழுத்திப் பாருங்கள். ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும்.

வங்கிக்கு மனு எழுதும்போது

வாயால் சொன்னது கணக்கில் வராது. கிளை மேலாளருக்கு மின்னஞ்சலிலும் கையெழுத்திட்ட காகிதத்திலும் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். இப்படி எழுதலாம்:

“எனது கணக்கிலிருந்து (தேதி, நேரம்) அன்று (தொகை) ரூபாய் என் அனுமதியின்றி எடுக்கப்பட்டுள்ளது. ஓடிபி, பின், கடவுச்சொல் எதையும் நான் எவரிடமும் தெரிவிக்கவில்லை. (தேதி, நேரம்) அன்று வங்கிக்குத் தகவல் தெரிவித்தேன். புகார் எண்: (எண்). வாடிக்கையாளரின் பொறுப்பு வரம்பு குறித்த ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, இத்தொகையை 10 வேலை நாள்களுக்குள் என் கணக்கில் வரவு வைக்கக் கோருகிறேன்.”

உண்மையை மட்டும் எழுதுங்கள். ஓடிபி சொல்லியிருந்தால் சொல்லவில்லை என்று எழுத வேண்டாம். பின்னால் பொய் வெளிப்பட்டால் உள்ள உரிமையும் போய்விடும்.

வங்கி மறுத்தால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ‘சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்’ என்ற தளத்தில் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். வழிகாட்டலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மிரட்டலுக்குப் பயந்து நீங்களே அனுப்பிய பணம்

“டிஜிட்டல் கைது” என்று காணொளி அழைப்பில் மிரட்டப்பட்டோ, பங்குச் சந்தையில் இரட்டிப்பு லாபம் என்று நம்பியோ நீங்களே அனுப்பிய பணத்துக்கு மேற்சொன்ன விதி அப்படியே பொருந்துவது கடினம். அது உங்கள் அனுமதியோடு நடந்த பரிவர்த்தனை என்று வங்கி சொல்லும். அங்கே 1930-தான் முதல் நம்பிக்கை. முடக்கப்பட்ட தொகையை நீதிமன்ற உத்தரவின் மூலம் மீட்கலாம். ஒன்றை மட்டும் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: டிஜிட்டல் கைது என்ற ஒன்று இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. எந்தக் காவல்துறையும் சிபிஐயும் காணொளியில் கைது செய்வதில்லை. வழக்கை முடிக்கப் பணம் அனுப்பச் சொல்வதும் இல்லை.

கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. “உன் கணக்கைக் கொடு, மாதம் இவ்வளவு கமிஷன்” என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். திருட்டுப் பணம் சிதறுவது அப்படி வாடகைக்கு விடப்பட்ட கணக்குகள் வழியாகத்தான். காவல்துறை முதலில் தட்டுவது அந்தக் கணக்குக்காரரின் கதவை.

இன்றே செய்து முடியுங்கள்

கைபேசி அமைப்புகளில் ‘அறியப்படாத செயலிகளை நிறுவுதல்’ என்ற அனுமதி வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் இருந்தால் நிறுத்துங்கள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மூடிவிட்டு, தினசரி வரம்பை உங்கள் தேவைக்கு ஏற்பக் குறையுங்கள். வங்கியின் இணையதளத்துக்குப் போகும்போது முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அந்த முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. கேட்டால் உங்கள் பணம் போகப்போகிறது என்று பொருள். வங்கியில் பதிந்துள்ள கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இப்போது பயன்பாட்டில் உள்ளவையா என்று சரிபாருங்கள். எச்சரிக்கைச் செய்தி உங்கள் கைக்கு வந்தால்தான் உடனே புகார் கொடுக்க முடியும்.

வீட்டில் யாராவது பணத்தை இழந்து வந்து நின்றால், “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் நாள்கணக்கில் மறைக்கிறார்கள். திருடனுக்குக் கிடைக்கும் அவகாசமும் அதுதான். “1930-க்கு அடித்தாயா?” என்று கேளுங்கள். அந்த எண்ணையும் உங்கள் வங்கியின் அவசர எண்ணையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் இன்றே ஒட்டிவையுங்கள்.