கிறிஸ்துமஸ் விருந்தும் கிருமிக் கணக்கும்

மண்ணச்சநல்லூரில் ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். டிசம்பர் 24-ஆம் நாள் இரவு. நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்பட வேண்டும். மறுநாள் நண்பகல் இருபது பேருக்கு விருந்து. “இப்போதே பிரியாணியை இறக்கி வைத்துவிட்டால் நாளை நிம்மதியாக இருக்கலாமே” என்று வீட்டு அம்மாள் எண்ணுகிறார். பத்து மணிக்கு அண்டாவை மூடிவைத்துவிட்டு எல்லாரும் கோவிலுக்குப் போகிறார்கள். விருந்துக்கு இன்னும் பதினான்கு மணி நேரம் இருக்கிறது. அதுவரை அண்டாவுக்குள் என்ன நடக்கும்? இதை அறிந்துகொண்டால், ஓய்வும் கெடாமல் உடல்நலமும் கெடாமல் விருந்தைத் திட்டமிடலாம்.

ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக

உணவில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் பெருகுகின்றன. பனி பெய்யும் நாடுகளில் டிசம்பர் இரவில் வீட்டுத் திண்ணையே குளிர்பதனப் பெட்டியாகிவிடும். திருச்சிப் பக்கத்திலோ, மார்கழிக் குளிர் என்று நாம் போர்த்திக்கொள்ளும் இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். பகலில் 30 டிகிரியை நெருங்கும்.

சூழ்நிலை வாய்ப்பாக இருந்தால் பல பாக்டீரியாக்கள் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஏழு மணி நேரத்தில் 21 முறை இரட்டித்து, ஒன்று 20 லட்சத்துக்கும் மேலாகிவிடும்!

கொதித்த சோற்றில் கிருமி ஏது?

நீங்கள் இப்படிக் கேட்கலாம். பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா மண்ணில் வாழ்வது. நெல்லோடு அரிசிக்கும் வந்து சேர்கிறது. பொன்னி அரிசியானாலும் சீரகச் சம்பாவானாலும் இதற்கு விலக்கில்லை. நெருக்கடி வந்தால் இது தடித்த உறைக்குள் வித்துப்போல் அடங்கிவிடும். கொதிநீரிலும் அந்த வித்துகள் பிழைத்துக்கொள்ளும். சோறு ஆறத் தொடங்கியதும் முளைத்துப் பெருகி, ஒரு நச்சுப்பொருளை உண்டாக்கும். அந்த நச்சுக்கு வாடையில்லை, சுவையுமில்லை. மீண்டும் சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நச்சு அழியாது. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றை உண்டவர்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. ஆறவிட்டு நெடுநேரம் வெளியே வைத்திருந்த சோறுதான் காரணம்.

இறைச்சியில் கிளாஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ் என்னும் மற்றொன்று உண்டு. காற்றுப் புகாத ஆழமும் 45 டிகிரியை ஒட்டிய இளஞ்சூடும் இதற்கு மிகவும் உகந்தவை. மூடிய அண்டாவின் நடுப்பகுதி இரண்டையும் தருகிறது.

அண்டா ஏன் ஆறுவதில்லை?

குழம்பைக் கிளறினால் சூடு வெளியேறும். சோறு அப்படியன்று. நடுவிலுள்ள வெப்பம் மெல்ல மெல்லக் கடந்துதான் வெளியே வரவேண்டும். இதற்கு ஆகும் நேரம், ஏறத்தாழ கனத்தின் இருமடிக்கேற்பக் கூடுகிறது. 5 செ.மீ. கனத்தில் பரப்பிய சோற்றைவிட, 20 செ.மீ. கனமுள்ள சோற்றின் நடுப்பகுதி ஆறுவதற்குச் சுமார் 16 மடங்கு நேரமாகும். மிஞ்சியதை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி ஆற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்று காவலர்கள்

சூட்டையும் குளிரையும் தவிர, வேறு மூன்று பொருள்களும் உணவைக் காக்கின்றன. முதலாவது வறட்சி. முறுக்கை எண்ணெயில் பொரிக்கும்போது நீர் ஆவியாகிவிடுகிறது. நீரின்றிப் பாக்டீரியா வளராது. இரண்டாவது சர்க்கரை. அதிரசத்திலும் உலர்திராட்சைக் கேக்கிலும் உள்ள நீரைச் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்வதால் அது கிருமிக்குப் பயன்படுவதில்லை. மூன்றாவது புளிப்பு. யாத்திரை போவோர் கட்டுச்சோற்றுக்குப் புளியோதரையைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம். திருவரங்கத்தைச் சுற்றி வாழும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, திட்டம்

ஒரு வாரம் முன்பே முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், கேக் ஆகியவற்றைச் செய்து, நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்துவிடலாம். ஈரமான கிரீம் பூசிய கேக் மட்டும் இந்த வரிசையில் சேராது. மசாலாப் பொடிகளை வறுத்து அரைத்துவைக்கவும் இதுவே நேரம்.

24-ஆம் நாள் புளிக்காய்ச்சலை முடித்துவிடுங்கள். இஞ்சி பூண்டு விழுதையும், தயிரில் ஊறும் இறைச்சியையும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பெட்டி இல்லாவிட்டால் இறைச்சியைக் காலையில் வாங்குவதே நல்லது.

25-ஆம் நாள் காலையில் சமைக்க வேண்டியவை மூன்றே: சோறு, இறைச்சி, பாயசம். தேங்காய்ச் சட்னியும் தயிர்ப் பச்சடியும் இலை போடுவதற்குச் சற்றுமுன் போதும். பிரியாணியைத் தணலில் சூடு குறையாமல் வைத்துப் பரிமாறுங்கள். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிர்பதனப் பெட்டியில் சேருங்கள். மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே வேளையில் உண்டு முடியுங்கள்.

இப்படிப் பிரித்துக்கொண்டால், திருப்பலி முடிந்து வந்தபின் வீட்டு அம்மாள் அச்சமின்றி உறங்கலாம். நண்பகலில் விருந்தினரோடு அவரும் பந்தியில் அமரலாம்.