வேருக்குள்ளே ஒரு சேனை

முள்ளங்கியை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டால் கிருமி போய்விட்டது என்று நாம் எண்ணிக் கொள்கிறோம். வெளியே ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி போய்விடும், வாஸ்தவந்தான். உள்ளே இருப்பதை என்ன செய்வது? முள்ளங்கியின் சதைக்குள்ளும், கரும்பின் தண்டுக்குள்ளும், நெற்பயிரின் வேருக்குள்ளும் லட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கின்றன. இதைக் கேட்டு நேயர்கள் இன்று இரவு முள்ளங்கிச் சாம்பாரை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நமக்கு ஒரு கெடுதலும் செய்யாதவை. செடிக்கோ பல சமயங்களில் பெரிய உபகாரிகள்.

ஆரோக்கியமான செடியின் உட்புறம் கிருமியற்றது என்பதே பாஸ்டர் காலத்து விஞ்ஞானிகளிடையே பரவியிருந்த கொள்கை. அது மெல்ல மெல்லத் தகர்ந்தது. 1988-ம் வருஷத்தில் பிரேஸில் தேசத்தில் ஜோஹானா டோபரைனர் என்ற அம்மையாரும் அவருடைய சகாவும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக மாற்றும் ஒரு பாக்டீரியாவைக் கரும்பின் வேரிலிருந்தும் தண்டிலிருந்தும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு தேடிப் பார்த்த பயிரிலெல்லாம் இத்தகைய உள்வாசிகள் அகப்பட்டன.

இவை உள்ளே நுழையும் வழி எது? இளவேரின் நுனி ஒரு வழி. பக்கவேர் தோலைப் பிளந்துகொண்டு வெளிக் கிளம்பும் இடத்தில் உண்டாகும் விரிசல் மற்றொரு வழி. ஆனால், வேரைச் சுற்றியுள்ள மண்ணில் ஒரு கிராமில் நூறு கோடிக்கு மேலும் இருக்கக்கூடிய அந்தப் பெருங்கூட்டத்தில், உள்ளே இடம் பெறுகிறவை சில வகைகளே. சங்கீத சபையின் வாசலில் டிக்கெட் பார்க்கிறவரைப் போல் செடியும் ஆள் பார்த்துத்தான் விடுகிறது.

இப்போது ஒரு கேள்வி. டிக்கெட் இல்லாத முரடன் ஒருவன் கதவை உடைத்துக்கொண்டு புகுந்துவிட்டால், உள்ளே இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? அதாவது, வேரில் நோய் கண்டால் வேருக்குள் வாழும் பாக்டீரியாக்களின் கதி என்ன? இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஹாலந்து தேசத்துப் பீட் கிழங்கு வயல் ஒன்றிலிருந்து கிடைத்திருக்கிறது.

நாம் கறி சமைக்கும் சிவப்புப் பீட்ரூட்டுக்கு நெருங்கிய உறவு இந்தச் சர்க்கரைப் பீட், நிறம் வெள்ளை. இதில் சர்க்கரை இருக்கிறது என்பதை 1747-ல் பெர்லின் நகரத்து மார்க்கிராப் கண்டுபிடித்தார். கரும்புச் சர்க்கரை வரும் கடல் வழியை இங்கிலாந்து மறித்தபோது, 1811-ல் நெப்போலியன் பீட் சாகுபடிக்கு உத்தரவிட்டான். யுத்தத்தில் தோற்றவன் சர்க்கரையில் ஜயித்துவிட்டான் என்றே சொல்லவேண்டும். இன்றும் உலகத்துச் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பீட் கிழங்கிலிருந்துதான் வருகிறது.

இந்தப் பயிருக்கு ஒரு சத்துரு உண்டு: ரைஸோக்டோனியா ஸோலானி என்னும் பூஞ்சக்காளான். 1858-ல் ஜெர்மானியரான ஜூலியஸ் கூன் இதை உருளைக்கிழங்கில் கண்டு வர்ணித்தார். மண்ணில் நூல் நூலாகப் பரவி வரும். நாற்றுகளின் அடியைப் பிடித்துக் கவிழ்க்கும். வளர்ந்த கிழங்கை அழுக வைக்கும்.

ஹாலந்தில் ஹூவன் என்ற ஊருக்கு அருகிலுள்ள ஒரு வயலின் மண்ணில் மட்டும் இதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்கவில்லை. அதே விதை, அதே பூஞ்சக்காளான். ஆனால் நாற்றுகள் பிழைத்து நின்றன. அந்த மண்ணை 80 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் சுட வைத்தால் அதன் மகிமை போய்விட்டது. சுட வைக்காத மண்ணில் ஒரு பங்கை எடுத்து, நோய்க்கு இடங்கொடுக்கும் வேறு மண் ஒன்பது பங்குடன் கலந்தால், அதற்கும் ஓரளவு பாதுகாப்பு வந்தது. பாலுக்குப் பிறைமோர் ஊற்றுவது போலத்தான். ஆகவே மண்ணைக் காப்பாற்றுவது உப்போ தாதுவோ அல்ல, உயிருள்ள ஏதோ ஒன்று என்பது நிச்சயமாயிற்று. 2011-ல் ரோட்ரிகோ மென்டிஸ் என்பவரும் யோஸ் ராய்மாக்கர்ஸ் முதலிய சகாக்களும் அந்த மண்ணில் வளர்ந்த பீட் வேர்களைச் சுற்றி வசிக்கும் கூட்டத்தைப் பரிசீலித்தபோது 33,000-க்கு மேற்பட்ட இனங்கள் தென்பட்டன. சூடோமோனாஸ் குடும்பத்தார் அக்கூட்டத்தில் முக்கியமான காவலர்கள் என்றும் தெரிந்தது.

இது வெளி மதிலின் கதை. பூஞ்சக்காளான் மதிலைத் தாண்டி வேருக்குள்ளேயே புகுந்துவிட்டால்?

2019-ல் விக்டர் கரியோன் என்ற ஆராய்ச்சியாளரும் ராய்மாக்கர்ஸ் முதலானோரும் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்லிற்று. அதே மண்ணில் பீட் நாற்றுகளை வளர்த்தார்கள். சிலவற்றுக்குப் பூஞ்சக்காளானைக் கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. பிறகு வேர்களின் உள்ளே இருந்த பாக்டீரியாக்களைப் பிரித்து, அவற்றின் ஜீன்களை மொத்தமாகப் படித்து ஒப்பிட்டார்கள். நோய் தாக்கிய வேர்களில் இரண்டு குடும்பங்கள் பெருகியிருந்தன: கைட்டினோபேகா குடும்பம் ஒன்று, பிளேவோபாக்டீரியம் குடும்பம் ஒன்று. பெயர்களைக் கண்டு நேயர்கள் மிரள வேண்டாம். முதலாவதற்குக் "கைட்டின் தின்னி" என்று பொருள். இரண்டாவதற்கு "மஞ்சள் பாக்டீரியா", அவ்வளவுதான்.

கைட்டின் என்பது இறால் ஓட்டிலும் கரப்பான்பூச்சியின் மேலோட்டிலும் உள்ள உறுதியான பொருள். பூஞ்சக்காளானின் உடற்சுவரும் இதனால் ஆனது. செடியிடம் இது கிடையாது. எனவே கைட்டினைக் கரைக்கும் ஆயுதம் வைத்திருப்பவன் வீட்டுச் சுவருக்குச் சேதமின்றித் திருடனின் கவசத்தை மட்டும் உடைக்கலாம். நோய் கண்ட வேரின் உள்ளே இந்த ஆயுதத்துக்கான ஜீன்கள் ஏராளமாகப் பெருகியிருந்தன. அதுவரை ஒருவரும் அறியாத ரஸாயனங்களைத் தயாரிக்கும் ஜீன்களும் கூடவே பெருகியிருந்தன.

ஆராய்ச்சியாளர்கள் இத்துடன் நிறுத்தியிருந்தால், "நோயால் இவை பெருகின" என்று மட்டும் சொல்லலாம். "இவை நோயைத் தடுத்தன" என்று சொல்ல முடியாது. பிணத்தைச் சுற்றி ஈ மொய்ப்பதைப் பார்த்து ஈதான் கொன்றது என்பாரும் உண்டு, காப்பாற்ற வந்தது என்பாரும் உண்டு. ஆகையால் அவர்கள் மேலும் ஒரு படி சென்றார்கள். இந்த இரண்டு வகைப் பாக்டீரியாக்களையும் சேர்த்து நாற்றுகளுக்குக் கொடுத்தார்கள். நோய் திரும்பத் திரும்ப அடங்கியது. பிறகு பிளேவோபாக்டீரியத்தில் ஒரு குறிப்பிட்ட ஜீன் தொகுதியை மட்டும் கெடுத்துவிட்டு மீண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பாதுகாப்புப் போய்விட்டது! இந்த ஆராய்ச்சியில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே. சாட்சிகள் ஆயிரம் பேர் இருந்தாலும், கையும் களவுமாகப் பிடிப்பதற்கு ஈடாகுமா?

சேனை திரளும்படி சங்கு ஊதுவது யார்? செடியே உதவிக்கு அழைக்கிறது என்பது ஒரு கருத்து. 2016-ல் இதே கோஷ்டியினர் வேறொரு யோசனையும் கூறினார்கள். பூஞ்சக்காளான் முன்னேறும்போது ஆக்ஸாலிக் அமிலம் முதலியவற்றைக் கக்குகிறது. அந்தத் தொல்லை தாங்காமல் வேரோரத்துப் பாக்டீரியாக்கள் தங்கள் சுபாவத்தையே மாற்றிக்கொண்டு எதிர்க்கக் கிளம்புகின்றன என்பது அது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

எல்லா மண்ணிலும் இப்படி நடந்துவிட்டால் குடியானவனுக்கு ஏது கவலை? சாதாரண மண்ணில் சேனை திரள்வதற்குள் வேர் அழுகிவிடுகிறது. காக்கும் மண்ணை உண்டாக்குவதற்கோ ஒரு கொடிய விலை கொடுக்கவேண்டும். கோதுமையின் வேரைத் தாக்கும் ஒரு நோய்க்கு ஆங்கிலத்தில் "டேக்-ஆல்" என்று பெயர். "சர்வ கொள்ளை" என்று நாம் சொல்லலாம். கடலை மீட்டெடுத்த ஹாலந்தின் புது நிலங்களில் இந்நோய் புகுந்து, உச்சத்துக்குச் சென்று, பிறகு தானே தணிந்த வரலாற்றைக் கெர்லாஹ் என்பவர் 1968-ல் எழுதினார். வருஷா வருஷம் விடாமல் கோதுமையையே பயிரிட்டால், சில வருஷ நஷ்டத்துக்குப் பின் நோய் தணிகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் ராஜ்யத்தில் ராய்மாக்கர்ஸும் டேவிட் வெல்லரும் 1998-ல் காரணத்தை விளக்கினார்கள்: ஒரு கிராம் வேரில் குறிப்பிட்ட ஒரு சூடோமோனாஸ் வகை லட்சத்தைத் தாண்டினால்தான் பாதுகாப்பு. அந்த லட்சம் சேருவதற்கு நோயே தீனி. மூன்று நான்கு போகங்களைப் பறிகொடுத்துவிட்டு ஐந்தாவதற்காகப் பொறுத்திருக்கக் கடன்காரன் விடுவானா? நடுவில் வேறு பயிருக்கு மாறினாலோ சேர்ந்த சேனை கலைந்துவிடவும் கூடும்.

பொறுக்க மாட்டாதவர்கள் மண்ணுக்கே விஷப் புகை போட்டார்கள். மெதில் புரோமைடு என்னும் புகை சத்துருவையும் காவலனையும் ஒருங்கே கொன்றது. அதோடு ஆகாயத்திலுள்ள ஓஸோன் படலத்தையும் அரித்ததால், மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி பணக்கார நாடுகள் 2005-லும் மற்ற நாடுகள் 2015-லும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அதைக் கைவிட்டன.

நம் நெல் வயல்களில் இலையுறைக் கருகலை உண்டாக்குவதும் ரைஸோக்டோனியா ஸோலானிதான். வகை மாத்திரம் வேறு. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் சூடோமோனாஸ் பாக்டீரியாவை டால்க் மாவில் கலந்து தந்திருப்பது பல குடியானவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஒரு கிலோ விதை நெல்லுக்குப் பத்துக் கிராம் கலந்து விதைக்கச் சொல்கிறார்கள். வயலில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடானுகோடிப் பேருக்கு நடுவே பொட்டலத்திலிருந்து வந்த இந்தப் புது ஆள் நிலைத்து நிற்பது சுலபமல்ல. சில வயல்களில் பலிக்கும், சிலவற்றில் பலிக்காது. ரஸாயனப் பூஞ்சை மருந்துடன் இதைச் சேர்த்துக் கலக்கக் கூடாது. வாங்கும்போது பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் கெடு தேதியையும் பார்க்கவேண்டும். உள்ளே இருக்கிறவை உயிருள்ளவை.